மலாக்காவின் பால்மரமும் ஒரு தோட்டக்கலைச் சங்கமும்



தோட்டக்கலைச் சங்கம் என்றால் அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மாலையில் கூடுவார்கள், ரோஜாவுக்கு என்ன எரு இடலாம் என்று ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வப்போது மலர்க்காட்சி வைத்துப் பரிசு கொடுப்பார்கள். ஆனால், அத்தகைய ஒரு சங்கம் போட்ட தோட்டத்திலிருந்துதான் மலாக்காவுக்குப் பால்மரம் வந்தது. அந்த மரத்தை நம்பித்தான் நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் கப்பலேறினார்கள். (மலாக்கா செட்டிகளின் வரலாறு வேறு, அது சுல்தான்கள் காலத்தில் தொடங்குவது.)

1859-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று அமைந்தது. அரசாங்கம் நிலம் கொடுத்தது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். லாரன்ஸ் நிவன் என்பவர் பாதைகளும் புல்வெளிகளும் அமைத்தார். மலர்க்காட்சிகள் நடந்தன, பட்டாளத்து வாத்தியக் குழு வந்து இசைத்தது. பயிர் ஆராய்ச்சியைக் காட்டிலும் உல்லாசமே அங்கு மிகுதி என்று சொன்னால் தவறாகாது. கடைசியில் கடன் சுமை தாளாமல், 1874-இல் சங்கம் தன் தோட்டத்தை அரசாங்கத்திடமே ஒப்படைத்தது. அதுவே இன்றைய சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா.

இந்தக் கைமாற்றம் நடந்த இரண்டு ஆண்டுகளில், பிரேசில் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 செடிகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பதினோரு ஆண்டுகள் வரை அவற்றைப் பெரிதாக மதித்தவர் இல்லை.

1888-இல் ஹென்றி ரிட்லி பூங்காவின் பொறுப்பை ஏற்றார். பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். மரமும் நலிந்து போகும். ரிட்லி வேறு வழி கண்டார். உள்ளே இருக்கும் உயிர்ப்படலம் காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பையே மறுபடி சீவ வேண்டும். அதையும் விடியற்காலையிலேயே செய்ய வேண்டும். தலைமுறை தலைமுறையாக உளி பிடித்த கைகளுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால், யார் நடுவார்கள்? மரம் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே! காப்பி பயிரிட்ட துரைமார்கள் செவி சாய்க்கவில்லை. ரிட்லி சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு, கண்டவர்களிடமெல்லாம் கொடுத்துப் பேசினார். பைத்தியக்காரர் என்று பட்டப்பெயர் வாங்கியதே மிச்சம்.

அவர் பேச்சை நம்பியவர் மலாக்காவைச் சேர்ந்த சீனர், தான் சே யான். மரவள்ளி பயிரிட்டு வந்தவர். மரவள்ளி நிலத்தின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும் என்பதும், சில ஆண்டுகளில் மண் சளைத்துப் போகும் என்பதும் அவர் அறிந்தவையே. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டு, பத்தாண்டுக்குள் அதை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சுமார் 20 லட்சம் வெள்ளிக்கு விற்றார். மோட்டார் வண்டி பெருகிவந்த காலம் அது. 1910-இல் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. தோட்டங்கள் பெருகின, ஆள் தேவைப்பட்டது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது. இன்று புக்கிட் லிந்தாங் என்ற பெயரை ஒரு தமிழ்ப்பள்ளியும் தாங்கி நிற்கிறது.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் சங்கத்தாரையும் ரிட்லியையும் தான் சே யானையும் குறித்து வைத்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த தோட்டக்காரர்களை யாரும் குறித்து வைக்கவில்லை. 1920-களில் மலாயாவின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம், பயிரிடவோ மாடு மேய்க்கவோ, ஒதுக்கப்பட வேண்டும் என்றது. கணக்குப் பார்த்தால் சுமார் 2,700 சதுர அடி. விடியுமுன் மரம் வெட்டப் போய், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள்தான் அந்தத் துண்டு நிலங்களில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். அவரைக்குப் பந்தல் போட்டார்கள். அவர்களுக்குச் சந்தாவும் இல்லை, பரிசும் இல்லை. விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைப்பதும், எந்த மாதத்தில் எதை ஊன்றுவது என்பதும், தாய் மகளுக்குச் சொன்ன பாடம்.

அந்தப் பாடத்தின் அருமை 1942-இல் தெரிந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி கிடைக்கவில்லை, ஆண்களில் பலரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அப்போது லயத்தைச் சுற்றியிருந்த மண்ணில் பெண்கள் ஊன்றியது மரவள்ளிக் குச்சியைத்தான். முதலாளிகள் மண்ணைக் கெடுக்கும் என்று கைவிட்ட அதே பயிர், 1945 வரை பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் உணவாயிற்று.