மடிக்கணினியின் வெப்பக் கட்டுப்பாடு

கடும் வேலையில் மடிக்கணினியின் வேகத்தைச் சில்லைப் போலவே, வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் தீர்மானிக்கிறது. 2020 நவம்பரில் வெளிவந்த மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ இரண்டிலும் எம்1 சில்லுதான். ப்ரோவில் மின்விசிறி உண்டு, ஏரில் இல்லை. சிறு வேலைகளில் இரண்டும் ஏறக்குறைய சமம். நீண்ட வீடியோவை உருமாற்றும்போது ஏர் சில நிமிடங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ப்ரோ தாக்குப்பிடிக்கிறது. விசிறியுள்ள கணினிகள் பலவற்றில், சில்லின்மேல் பதிந்த செப்புக்குழாய்க்குள் சிறிதளவு நீர் ஆவியாகி, விசிறியோரத் தகடுகளருகே குளிர்ந்து திரும்புகிறது. அத்தகடுகளில் தூசு அடைந்தால் எந்தச் சில்லும் தளரும்.

வேகக் குறைப்பு வாங்கியவரை ஏமாற்றுவது என்பார்கள். உச்ச வேகத்தை மட்டும் விளம்பரப்படுத்துவது குறித்து அந்தப் புகார் நியாயமே. ஆனால் குறைப்பைப் பழுதென்று சொல்ல முடியாது: இன்டெல் சில்லுகள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸே வரம்பு, அதைத் தாண்டாமலிருக்கவே அவை வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், வேகத்தோடு அழுத்தத்தையும் சற்றுத் தணித்தாலே வெப்பம் வெகுவாக இறங்குகிறது.