டெங்குவின் உலகப் பரவலும் கண்காணிப்பும்

டெங்கு, ஏடிஸ் கொசுக்கள் பரப்பும் வைரஸ் காய்ச்சல். இவ்வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை தொற்றியவருக்கு அவ்வகைக்கு எதிரான காப்பு நெடுங்காலம் நிலைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான காப்போ சில மாதங்களில் மங்கிவிடும். அதன்பின் வேறு வகை தொற்றினால் நோய் முற்றும் அபாயம் கூடுகிறது.

ஆப்பிரிக்காவில் தோன்றிய ஏடிஸ் எஜிப்தி, அடிமை வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அமெரிக்கக் கண்டங்களை எட்டியது. ஆசியாவின் ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு வாகனமானவை பழைய டயர்கள். அதன் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிர்தாங்கும். 1985-இல் ஹூஸ்டனில் அது வேரூன்றியிருந்தது கண்டறியப்பட்டது. அமெரிக்க நாடுகள் 1947 முதல் ஏடிஸ் எஜிப்தி ஒழிப்பில் பெரும் வெற்றி கண்டிருந்தன. 1970-களில் அம்முயற்சி தளர்ந்ததும் கொசு திரும்பியது. 1981-இல் கியூபாவில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 158 பேர் இறந்தனர்.

1970-க்கு முன் ஒன்பது நாடுகளே கடும் டெங்குக் கொள்ளைநோயைக் கண்டிருந்தன. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் டெங்கு நிலைகொண்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்துக்கு 2000-இல் தெரிவிக்கப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 5 இலட்சம். 2019-இல் 52 இலட்சம். பதிவுமுறை சீரடைந்ததும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம். ஆயினும் பதிவேடு காட்டுவது சிறு பங்கே. ஆண்டுக்கு 39 கோடித் தொற்றுகள் நேர்வதாகவும், அவற்றுள் சுமார் 9.6 கோடியே அறிகுறி காட்டுவதாகவும் 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அறிகுறியற்றவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. அவரைக் கடிக்கும் கொசுவோ வைரஸைப் பெறக்கூடும்.

எனவே நோயாளிகளை மட்டும் எண்ணும் கண்காணிப்பு எப்போதும் பின்தங்கியே நிற்கும். கொசுப்புழு உள்ள வீடுகளின் விழுக்காடான வீட்டுக் குறியீடும், நூறு வீடுகளுக்குப் புழுவுள்ள கலன்களைக் கணக்கிடும் பிரெட்டோ குறியீடும் இதற்குத் துணையாயின. ஆனால் குறியீடு தாழ்ந்தால் ஆபத்தும் தாழும் என்ற எதிர்பார்ப்பைச் சிங்கப்பூர் பொய்யாக்கியது. அங்கு வீட்டுக் குறியீடு 2 விழுக்காட்டளவில் இருந்தும் 1990-களில் டெங்கு மீண்டும் பெருகியது. கொசு குறைந்த ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறைக்குத் தொற்றுமில்லை, காப்புமில்லை. சில கொசுக்களே போதுமாயின.

இதனால் அங்கே முட்டையிட வரும் பெண்கொசுவைப் பொறிவைத்துப் பிடித்து எண்ணுகின்றனர். 150 மீட்டருக்குள், 14 நாள்களுக்குள் இருவர் நோயுற்றாலே அது ‘தொற்றுக் குழுமம்’ என அறிவிக்கப்படுகிறது. இரத்த மாதிரிகளில் வைரஸ் வகையும் பார்க்கப்படுகிறது. 2013-இல் இரண்டாம் வகையை ஒதுக்கி முதலாம் வகை மேலோங்கிய அந்த ஆண்டில் 22,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மேலோங்கிய வகை மாறுவதை அங்கு முன்னெச்சரிக்கையாகவே கொள்கின்றனர்.