சல்லடையும் சீமைக் காரும்

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓர் அரணைப் போல நீண்டு வருகிறது. அந்த அரணில் இயற்கையே திறந்து வைத்த வாயில் ஒன்று உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கணவாயின் கிழக்குப் பக்கத்தில், சித்தூர் வட்டத்தில் அமைந்திருக்கும் ஊர் நல்லேப்பிள்ளி. ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த இந்தப் பகுதி, 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இணைந்து, 1956-இல் கேரள மாநிலத்தின் அங்கமாயிற்று. எல்லைக்கோடு எப்படி அமைந்தாலும், இங்குள்ள வீடுகளிலும் சந்தைகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலித்து வருகின்றன. பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் இவ்வூர்க்காரர்களுக்கு அயலூர்கள் அல்ல.

கணவாய் வழியே காற்று மிக வேகமாக வீசும். மழை குறைந்த மாதங்களில் அக்காற்று கரிசல் மண்ணின் புழுதியையும் வாரிக்கொண்டு வரும். இத்தகைய சாலைகளில் மோட்டார் வண்டி ஓட்டியவர்களுக்கு எஞ்சினின் வலிமை மட்டும் போதவில்லை. தொட்டியிலுள்ள பெட்ரோல் தூய்மையாக, தடையின்றி எஞ்சினைச் சென்று அடைய வேண்டும். இந்தச் சிறிய தேவையை நிறைவேற்ற, நூறாண்டுக்கு மேலாக மனிதர் எத்தனையோ உபாயங்களைக் கண்டிருக்கிறார்கள். எரிபொருள் பம்பும் வடிகட்டியும் அந்த முயற்சியில் பிறந்தவை. பழைய உயர்தரக் கார் ஒன்றில் இவ்விரண்டையும் மாற்றுவது இன்று வெறும் பழுதுபார்க்கும் வேலையாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம்மவருக்கும் பங்கு உண்டு.

தொடக்க காலத்துக் கார்கள் பலவற்றில் பம்பு என்பதே கிடையாது. பெட்ரோல் தொட்டியை எஞ்சினைவிட உயரத்தில் வைத்தார்கள். எண்ணெய் தானாகவே இறங்கி வந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு ‘டி’ மாதிரிக் காரில் தொட்டி ஆசனத்தின் அடியில் இருந்தது. சமவெளியில் அதனால் குறைவில்லை. செங்குத்தான மேட்டில் ஏறும்போதோ, தொட்டி எஞ்சினைவிடத் தாழ்ந்துவிடும். பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே மேட்டில் ஏற்றினார்கள். இன்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆயினும், நீர் பள்ளத்தை நோக்கியே ஓடும் என்ற விதியை நன்கு உணர்ந்தவர்கள் செய்த காரியம் அது.

செல்வந்தருக்கென்று செய்யப்பட்ட பெரிய கார்களில் தொட்டி பின்புறம் சென்றது. 1906-இல் அறிமுகமான ரோல்ஸ் ராய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’ வரிசைக் கார்கள் பலவற்றில் காற்றின் அழுத்தத்தால் பெட்ரோலை முன்னே தள்ளினார்கள். புறப்படுவதற்கு முன் ஓட்டுநர் கைப்பம்பை இயக்கித் தொட்டிக்குள் காற்றை ஏற்றுவார்; எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வேறொரு சிறிய பம்பு அந்த அழுத்தத்தைக் காத்துவரும். தொட்டி மூடியின் வளையம் சற்றுத் தேய்ந்திருந்தாலும் காற்றுக் கசிந்துவிடும். பெரிய கார் அசையாமல் நிற்கும். எஜமானர் பின் ஆசனத்தில் அமர்ந்திருக்க, காரணத்தை அறிந்தவர் முன்னே இருந்த ஓட்டுநர் ஒருவரே.

அடுத்து வந்தது வெற்றிடத் தொட்டி. அமெரிக்காவில் ஸ்டூவர்ட்-வார்னர் என்றும், இங்கிலாந்தில் ஆட்டோவாக் என்றும் இது பெயர் பெற்றது. எஞ்சின் தன் உறிஞ்சும் சக்தியாலேயே பின் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து, முன்புறமுள்ள ஒரு சிறு கலத்தில் நிரப்பும். அங்கிருந்து அது கார்புரேட்டருக்கு இறங்கும். ஆனால் நீண்ட மலையேற்றத்தில், எஞ்சின் முழு விசையோடு உழைக்கும்போது, உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கோ, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கோ ஏறும் சாலைகளை அறிந்தவர்களுக்கு, இக்குறை எத்தகைய இடையூறு என்பதை விளக்க வேண்டியதில்லை. இக்கலத்தின் வாயிலில் மெல்லிய கம்பிச் சல்லடை ஒன்று இருந்தது. அதில் அழுக்குச் சேர்ந்தால் சமவெளியிலும் இதே தொல்லைதான்.

அழுக்கு எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் பெட்ரோல் தகர டின்களில் வந்தது. டின்னைத் திறந்து புனலின் வழியே ஊற்றும்போது துருவும் தூசியும் நீரும் கூடவே இறங்கும். ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர்கள் புனலில் மெல்லிய பதனிட்ட தோலை வைத்து வடிகட்டினார்கள். பெட்ரோலில் நனைந்த அந்தத் தோல், பெட்ரோலை விடும். நீரைத் தடுத்து நிறுத்தும். வண்டியின் முதல் வடிகட்டி இவ்வாறு அந்த ஓட்டுநரின் கையில்தான் இருந்தது.

கொங்கு நாட்டில் மோட்டார்த் தொழில் வேரூன்றிய காலமும் இதுவே. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டியே பின்னர் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பஸ் ஓடினால் பணிமனை வேண்டும். பணிமனை இருந்தால் கைத்திறன் வளரும். 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும், 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டாரும் அதே மண்ணின் விளைவுகள். கிணற்று நீரை இறைக்கும் பம்புக்குப் பெயர் பெற்ற ஊராகக் கோவை வளர்ந்தது. நீரை ஏற்றும் பம்பானாலும், பெட்ரோலைத் தள்ளும் பம்பானாலும், உறிஞ்சும் வாயில் அடைபட்டால் பம்பு கெடும் என்ற பாடம் ஒன்றே. உழவர் கிணற்றுக் குழாயின் அடியில் சல்லடை பொருத்துவதும் அதனால்தான்.

சல்லடையின் அருமையை நாடு முழுவதும் உணர்த்தியது இரண்டாம் உலகப்போர். 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்கள் நின்றுவிட்டால் சந்தையும் தபாலும் நின்றுவிடும் அல்லவா? 1912-இல் பஸ் தொழிலில் இறங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மதுரை நிறுவனம், கரி வாயுக் கலன்களைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. வண்டியின் பின்புறம் உயரமான உருளை ஒன்று நிற்கும். அதில் மரக்கரியை எரித்து வாயு உண்டாக்கி, எஞ்சினுக்குச் செலுத்துவார்கள். பெட்ரோல் பம்புக்கு இங்கே வேலையில்லை. எஞ்சினே வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அவ்வாயுவில் சாம்பலும் கீலும் கலந்திருக்கும். அவற்றை வடிகட்டாவிட்டால் எஞ்சின் விரைவிலேயே தேய்ந்துபோகும். பம்பு இல்லாமலும் வண்டி ஓடியது. வடிகட்டி இல்லாமல் அது ஓட முடியவில்லை. அன்றாடம் விடியற்காலையில் சாம்பலை அகற்றி, வடிகட்டியைத் துலக்கிய பணியாளர்களே அந்தப் போர்க்காலத்தில் தென்னாட்டுப் போக்குவரத்தைத் தாங்கி நின்றார்கள்.

இதற்குள் பம்பும் இரு வடிவங்களில் முதிர்ச்சி பெற்றிருந்தது. ஒன்று, எஞ்சினின் பக்கத்திலேயே அமர்ந்து, அதன் சுழற்சியால் இயங்கும் திரைப் பம்பு. 1920-களின் பிற்பகுதியில் பரவிய இதனை நம் மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்பு’ என்றே அழைத்தார்கள். பின்னாளில் அம்பாஸடர் கார்களின் மூலம் இது நாடெங்கும் பழக்கமாயிற்று. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பில் அடைத்துக்கொள்ளும்போது, ஓட்டுநர் வண்டியை மரநிழலில் நிறுத்தி, ஈரத்துணியைப் பம்பின் மேல் போடுவார். சிறிது நேரத்தில் வண்டி புறப்படும். மற்றொன்று மின்பம்பு. இங்கிலாந்தின் எஸ்.யு. நிறுவனம் 1929-இல் தன் முதல் மின்பம்பை வெளியிட்டது. இத்தகைய பம்பைச் சூட்டுக்கு எட்டாத தூரத்தில், தொட்டிக்கு அருகே வைக்கலாம். விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் இரட்டைப் பம்பு பொருத்தினார்கள். ஒன்று ஓய்ந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். சாவியைத் திருப்பியதும் ‘டிக், டிக்’ என்று ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அது அடங்கும். ஒலி நிற்காவிட்டால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். தேர்ந்த மெக்கானிக் காதாலேயே நோயை அறிந்துகொள்வார்.

பிறகு கார்புரேட்டரே மறையத் தொடங்கியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு முறையிலும், 1973-இல் இயந்திர முறையிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்புகளைக் கொணர்ந்தது. பழைய மின்பம்பு சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அளவில் அழுத்தம் தந்தது. 1973-இல் வந்த அமைப்புக்கோ ஏறத்தாழ 70 பவுண்டு தேவைப்பட்டது. 1995-இல் புனேயில் உற்பத்தி தொடங்கிய மெர்சிடிஸ் கார்கள் இன்று முப்பது வயதைத் தொட்டுவிட்டன. அவ்வகையின் பெட்ரோல் கார்களில் பம்பு வண்டியின் அடியில், பின் சக்கரங்களுக்கு அருகே இருக்கும். அதற்கு முன்னதாக, தொட்டியின் அடிப்பாகத்திலேயே ஒரு சல்லடை திருகப்பட்டிருக்கும். பம்பைத் தாண்டியதும் நுண்வடிகட்டி உண்டு.

இத்தகைய காரில் பம்பு பழுதானால், புதியதை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் அவ்வாறு செய்வதில்லை. மின்பம்பின் உள்ளே ஓடும் பெட்ரோலே அதனைக் குளிர்விக்கிறது. அதன் உறுப்புகளுக்கு வழவழப்பும் அளிக்கிறது. சல்லடை அடைபட்டிருந்தால் பம்பு வறண்டு, சூடேறி, உயிர்விடும். பழைய சல்லடையை அப்படியே விட்டுவிட்டால் புதிய பம்புக்கும் அதே கதிதான். ஆகவே முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, குழாயிலுள்ள அழுத்தத்தைத் தணித்து, தொட்டியை முற்றிலும் வடிப்பார்கள். பிறகு சல்லடையைக் கழற்றித் தொட்டியின் அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சல்லடை, பம்பு, நுண்வடிகட்டி ஆகிய மூன்றையும் ஒருசேரப் புதுப்பித்து, செப்பு வளையங்களையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றுவார்கள். தீப்பொறி எதுவும் அண்டாத திறந்தவெளியில் செய்ய வேண்டிய வேலை இது.

இந்த எச்சரிக்கைக்கு இன்று புதியதொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் திட்டம் 2022-இல் நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியது. நூற்றுக்கு இருபது கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. தொட்டியின் சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடுகளை அது கரைத்தும் பெயர்த்தும் கொண்டுவரும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊறச்செய்து மென்மையாக்கும். பெயர்ந்த கசடு அனைத்தும் வந்து சேருமிடம் அந்தச் சல்லடையே. டின் பெட்ரோலின் காலத்தில் புனலில் தோல் வைத்து வடிகட்டியவருக்கு இருந்த கவலை, இன்றைய உரிமையாளருக்கும் வேறொரு வடிவில் வந்து சேர்ந்திருக்கிறது.

வரலாற்று ஏடுகள் சீமைக் காரை எந்த மன்னர் வாங்கினார், எந்த ஜமீன்தார் ஏறிச் சென்றார் என்பதைக் குறித்து வைத்திருக்கின்றன. அதனை ஓட வைத்தவர் பெயர் பெரும்பாலும் அந்த ஏடுகளில் இல்லை. 2015-இல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டு வண்டிகளைப் பார்க்கலாம். அவை துலங்கி நிற்கின்றன. ஆனால், பம்பின் ஒலியைக் கேட்டுக் குறையைச் சொல்லும் காதையும், ஈரத்துணி போட வேண்டிய தருணத்தை அறியும் கையையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இயலாது. அவை மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தால்தான் உண்டு.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் அன்பர்களே! உங்களில் ஓட்டுநர்களாகவும் மெக்கானிக்குகளாகவும் பணிமனை நடத்துபவர்களாகவும் பலர் இருக்கக்கூடும். பல குடும்பங்களில் பாட்டனாரோ தந்தையாரோ அத்தொழிலைச் செய்திருப்பார்கள். அவர்கள் நினைவிலுள்ள செய்திகளை, அவர்கள் வழங்கிய சொற்களிலேயே கேட்டு எழுதி வையுங்கள். எந்த வண்டியில் எந்தப் பழுது வந்தது, அதை எவ்வாறு நீக்கினார்கள் என்பன எல்லாம் நம் மக்களின் தொழில் வரலாறே ஆகும். நல்லேப்பிள்ளி போன்ற எல்லையூர்களில் இரண்டு மொழிகளிலும் அத்தகைய அறிவு வாய்மொழியாகவே வழங்கி வந்திருக்கிறது. காலம் என்னும் ஓட்டத்தில் எத்தனையோ அடித்துச் செல்லப்படுகின்றன. பயனுள்ளதைத் தடுத்து நிறுத்திக் காப்பதற்கு ஒரு சல்லடை வேண்டும். அந்தச் சல்லடை நம்முடைய எழுத்தாக இருக்கட்டும்.