கண்காட்சிக்குக் கொண்டுபோகும் விளக்கு யாருடையது?

இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருவோருக்கு மூங்கில் விளக்குக் கூடு செய்து விற்கிறார் என் பழைய மாணவர் ஒருவர். கொழும்பில் ஒரு வர்த்தகக் கண்காட்சியில் கடை எடுத்திருந்தார். புறப்பட நான்கு நாட்கள் இருக்கையில் வீட்டுக்கு வந்து தொலைபேசியை நீட்டினார். "சேர், இந்த மாதிரி இருபது செஞ்சு வெச்சிருக்கேன். இன்டர்நெட்ல பாத்துதான். பிரச்சினை வருமா?"

நான் சட்டத்தரணி அல்லன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சித்திரமும் கைப்பணியும் படிப்பித்தபோது, நல்ல வேலையைப் பார்த்துச் செய்து பழகு என்றுதான் சொன்னார்கள். பார்த்துச் செய்ததை விற்கலாமா என்று அங்கு எவரும் சொல்லவில்லை. அதனால் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு பொருளுக்குத் தனித் தோற்றம் தரும் கோடு, நிறம், வடிவம் ஆகியவற்றைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு செய்யலாம். கைப்பணிப் பொருளுக்கும் இது பொருந்தும். பாதுகாப்பு 5 ஆண்டுகள். இரு தடவை புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டுகள். அந்த வடிவத்தில் பொருள் செய்வது மட்டுமன்றி, அதை இறக்குமதி செய்வதும், விற்பனைக்கு முன்வைப்பதும், விற்பதற்காக இருப்பில் வைத்திருப்பதும் பதிவுகாரருக்கே உரியவை. ஆகவே ஒன்றுகூட விற்காவிட்டாலும், விலை எழுதி மேசையில் வைத்தாலே வம்புதான். புறக்கோட்டையில் எல்.ஈ.டி. விளக்கு இறக்குமதி செய்யும் நம் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். "நான் செய்யவில்லை, சீனாவிலிருந்து வந்தது" என்பது இங்கே பதிலாகாது. வடிவம் யாருடையது, அதை விற்க உரிமை உண்டா என்று அனுப்புபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நிறத்தை மாற்றினேன், குஞ்சம் வைத்தேன் என்பதும் உதவாது. சிறிய வித்தியாசத்தால் மட்டும் ஒன்று புதிய வடிவமாகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. மறுபக்கம், தொழில்நுட்பப் பயனுக்காக மட்டுமே உள்ள அம்சத்துக்குப் பாதுகாப்பில்லை. மின்குமிழின் சூடு வெளியேறத் துளை வைப்பதை எவரும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாட முடியாது. ஊரெல்லாம் கட்டும் வெசாக் கூட்டின் எண்கோண வடிவமும் அப்படியே பொதுச்சொத்து.

பதிவு இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரயோகக் கலைப் படைப்புக்கு, அது செய்யப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அதற்குப் பதிவே தேவையில்லை. மாணவர் காட்டிய படத்தில் இருந்தது வெளிநாட்டு வடிவமைப்பாளர் ஒருவரின் அண்மைக் கால வேலை. படத்தின் அடியில் பெயரும் இருந்தது. இவர் அதை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அதிகம் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. குளவிக்கூடு போல அடுக்கடுக்காகப் பின்னிய ஒரு விளக்கு அவர் சொந்தமாக யோசித்தது. அதையும் கண்காட்சிக்குக் கொண்டுபோக இருந்தார். விண்ணப்பத் திகதிக்கு முன் உலகில் எங்கேனும் பகிரங்கமாகிவிட்ட வடிவம் புதியது ஆகாது. உத்தியோகபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசக் கண்காட்சியில் வைத்ததென்றால் 6 மாதச் சலுகை உண்டு. சாதாரண விற்பனைக் கண்காட்சியை நம்பி அதை எதிர்பார்க்க முடியாது. முகநூலில் ஒரு படம் போட்டாலும் இதே கதிதான்.

இந்தப் பயம் பழையது. 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு, யோசனை திருடப்படும் என்று அஞ்சிப் பல கண்டுபிடிப்பாளர்கள் போக மறுத்தார்கள். அந்தச் சர்ச்சையின் வழியில்தான் 1883இல் பாரிஸ் உடன்படிக்கை பிறந்தது. இலங்கை 1952இல் சேர்ந்தது. இங்கே வடிவமைப்புக்கு விண்ணப்பித்தவர், 6 மாதத்துக்குள் இன்னொரு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால் முதல் திகதியையே கோரலாம்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிறவர் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். இலங்கைப் பதிவேட்டில் இல்லாதது அங்கே இருக்கலாம். ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் ஈராண்டுக்கு ஒருமுறை பெரிய விளக்குக் கண்காட்சி நடக்கிறது. அந்நாட்டு நீதிமன்றங்கள் அவசர வழக்கில் எதிர்த்தரப்பைக் கேளாமலே தடையுத்தரவு தரக்கூடியவை. கண்காட்சி முடியுமுன்பே கடை வெறுமையாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவில்லாத வடிவத்துக்கும், அங்கே முதலில் வெளிப்படுத்திய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. சீனாவில் 2006 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி கண்காட்சித் திடலிலேயே முறைப்பாடு செய்ய முடியும். போகுமுன் அந்தந்த நாட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். வடிவமைப்புகளை வகைப்படுத்தும் லொகார்னோ பட்டியலில் விளக்குகள் 26ஆம் வகுப்பு. தேடுவதற்கு அந்த எண் போதும். நீங்களே வரைந்ததென்றால், திகதியிட்ட வரைபடங்களையும் செய்யும்போது எடுத்த படங்களையும் கோப்பில் போட்டுக் கடையிலேயே வைத்திருங்கள்.

மாணவர் அந்த இருபதையும் கொண்டுபோகவில்லை. மூங்கில் கூலி, பசை எல்லாம் நட்டம். முகம் வாடித்தான் போனார். கண்காட்சி திறப்பதற்கு முதல் நாள் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போய்க் குளவிக்கூட்டு விளக்குக்கான விண்ணப்பத்தைக் கையளித்தார். அதன் பிறகுதான் அந்த விளக்கைச் சாக்கிலிருந்து வெளியே எடுத்தார்.