பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை: நகரத்தார் வட்டிக்கடைகளில் தொழிற்பயிற்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரிடையே, முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே தங்கியிருக்க, கடல் கடந்த கடையை அவருடைய அதிகாரப் பத்திரம் பெற்ற முகவர் நடத்துவதே வழக்கமாயிருந்தது. கடிதம் போய்ச் சேரவே நாள்கள் பல ஆகும் தொலைவில், கடன் கொடுக்கவும் மறுக்கவும் உரிமை பெற்ற ஒருவர் தவறினால் முதலே கரைந்துவிடும் என்பதால், அவர்களது பயிற்சி முறை முழுவதும் இந்த அச்சத்தைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

சிறுவர்கள் எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி (320-இல் ஒரு பங்கு), காணி (80-இல் ஒரு பங்கு), மா (20-இல் ஒரு பங்கு) முதலிய பின்னங்களைக் கொண்டு வட்டியை மனக்கணக்காகவே போடப் பழகினர். பின்னர் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டியின் அருகிலிருந்து சில்லறை வேலைகளைச் செய்யும் கடைநிலை ஆளாகச் சேர்ந்தவர், பேரேடு எழுதவும் கடன் தண்டவும் கற்று, முகவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, நம்பிக்கை பெற்றபின் கடைக்குப் பொறுப்பான மேலாளாக உயர்ந்தார். கடன் கேட்டு வருபவரை எடைபோடும் கலை எந்தச் சுவடியிலும் இல்லை. மேலாள் பேசுவதைப் பக்கத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் கேட்டே அது கைவந்தது.

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. சம்பளச் சீட்டு எனப்பட்ட ஒப்பந்தத்தின்படி ஊதியத்தில் ஒரு பகுதி முன்பணமாகத் தரப்பட்டது. தவணை முடிந்ததும், அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, கணக்கை முதலாளியிடம் காட்டிய பிறகே இலாபத்தில் அவருக்குரிய பங்கு கிடைத்தது. விடுப்பாகவும் தணிக்கையாகவும் ஒருசேரப் பயன்பட்ட இந்த ஏற்பாடுதான் அம்முறையின் மிகக் கூர்மையான பகுதி. ஏனெனில், முன்னவர் கொடுத்த கடன்களின் தரத்தை அடுத்து வந்தவர் தம் நலன் கருதியே சோதித்துப் பார்த்தார். 1898-இல் பதினான்கு வயதில் பர்மாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட பள்ளத்தூர் அ. மு. முருகப்பச் செட்டியார் 1900-இல் மௌல்மீனில் சொந்தத் தொழில் தொடங்கியதைப் பார்த்தால், பயிற்சி பெற்றவர் தாமே முதலாளியாகும் வழியும் திறந்தே இருந்தது தெரிகிறது.

ஆயினும் பெரும்பாலும் ஒரே சமூகத்து ஆண்களுக்குள் அடங்கிய இப்பயிற்சி, கடன் கொடுத்து வசூலிப்பதைத் தாண்டி அதிகம் கற்றுத்தரவில்லை. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் நெல் விலை சரிய, ஈடாக வைத்த நிலங்கள் கடன்காரர்களிடமிருந்து கடைகளின் கைக்கு வந்து, பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு விளைநிலம் நகரத்தாருடையதாயிற்று. வட்டியைத் துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த மேலாள்கள், விரும்பாமலே நிலக்கிழார்களின் இடத்தில் நிற்க நேர்ந்தது. உழவர் பகையைச் சமாளிக்க அவர்களுடைய பயிற்சியில் எந்தப் பாடமும் இருந்ததில்லை. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு அவர்களில் மிகப் பலரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நில தேசியமயச் சட்டத்தை இயற்றியது.