கண்டித் தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டார் வேகக் கட்டுப்பாடு

மின்மோட்டாரின் சுழல்வேகத்தை மின்னணுச் சுற்றுகளால் கூட்டிக் குறைக்கும் முறை, கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பெரிதும் பயன்படக்கூடிய இடம் கொழுந்து வாட்டும் விசிறி.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் பங்களாத் தாழ்வாரத்து மேசைகளில் கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். பின்னர் எழுந்த தொழிற்சாலைகளில் நீர்ச்சக்கரமோ எஞ்சினோ நீண்ட தண்டு ஒன்றைச் சுழற்ற, அதிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் பெல்ட் ஓடியது. ஒன்றின் வேகத்தை மட்டும் மாற்ற, அதன் கப்பியையே மாற்ற வேண்டும். வாட்டுவதற்குத் தனி மோட்டார் தேவைப்படவில்லை. மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகள்மேல் கொழுந்தைப் பரப்பிக் காற்றுக்கு விட்டார்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்டு, 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கும் நான்கு மாடிக் கட்டடம் அத்தகைய ஒரு தொழிற்சாலை.

பிற்காலத்தில் வாட்டும் தொட்டிகள் வந்தன. கம்பிவலைமேல் கொழுந்து, அடியிலிருந்து காற்றைத் தள்ள, முனையில் பெரிய விசிறி. வேகச் சிக்கல் இங்கேதான் எழுந்தது. மழையில் பறித்த கொழுந்தின் மேலீரம் போகப் பலத்த காற்று வேண்டும். இலை வாட வாட அது குறைய வேண்டும். இலங்கையின் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவத் தூண்டல் மோட்டாரோ எப்போதும் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழேயே ஓடும். காற்றுவழியைப் பாதி மூடிவிட்டு மோட்டாரை முழுவேகத்தில் ஓட விடுவது பெரும் மின்விரயம்.

1891இன் வார்டு லியோனார்டு முறை வேகத்தை நுட்பமாக மாற்றியது. ஆனால் ஒரு மோட்டாருக்காக இன்னொரு மோட்டாரும் ஜெனரேட்டரும் வேண்டும். விசிறிக்கு அது கட்டுப்படியாகாது. 1950களின் இறுதியில் தைரிஸ்டர் என்னும் மின்னணு சுவிட்ச் வந்து வழி திறந்தது. 1968இல் டென்மார்க்கின் டான்ஃபோஸ் நிறுவனம் அதிர்வெண் மாற்றிகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1980களில் வந்த ஐஜிபிடி டிரான்சிஸ்டர்கள் அவற்றைச் சிறிதாக்கி மலிவாக்கின.

அதிர்வெண் மாற்றி என்னும் இக்கருவி மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்திசை மின்சாரமாக்கும். பிறகு ஆறு மின்னணு சுவிட்சுகள் அதை மிக வேகமாக வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மும்முனை மின்சாரமாகத் திருப்பித் தரும்; மோட்டாரின் வேகம் அந்த அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். அதிர்வெண்ணோடு மின்னழுத்தமும் ஒரே விகிதத்தில் இறங்கும். விசிறி உண்ணும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறுவதால், 50இலிருந்து 40 ஹேர்ட்ஸுக்கு இறக்கினாலே தேவை ஏறக்குறைய பாதியாகிறது. இரவெல்லாம் ஓடும் விசிறியில் இது சிறு சேமிப்பு அல்ல.

கருவியைப் பொருத்துவதில் கவனம் வேண்டும். தேயிலைப் பஞ்சும் தூசும் குளிர்விப்புத் தகடுகளை அடைத்தால் சுவிட்சுகள் சூடேறிக் கெடும். கூர்மையான மின்துடிப்புகள் பழைய மோட்டார்ச் சுருளின் காப்பையும் பதம் பார்க்கும். மெதுவாக ஓடும் மோட்டாரின் சொந்தக் குளிர்விசிறியும் மெதுவாகும். வாட்டும் விசிறியில் சுமையும் சேர்ந்து குறைவதால் அது பாதிப்பதில்லை. உருட்டும் இயந்திரத்தில் வேகம் குறைந்தாலும் முறுக்குவிசை அவ்வளவாகக் குறையாது. ஆகவே மின்சேமிப்பு அங்கே சொற்பம். அதிர்வின்றி ஓட்டம் தொடங்குவதும், இலைக்கேற்ற வேகத்தைத் தேர்வதுமே அங்குள்ள பயன்.