வெள்ளம் வடிந்த பிறகும் ஓயாத ஆபத்து

ஜொகூர்வாசிகளுக்கு மழை புதிதல்ல. ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை வரும், ஆறு பெருகும், சில நாட்களில் வடிந்துவிடும். ஆனால் 2006 டிசம்பரில் பெய்த மழையை இங்கே யாரால் மறக்க முடியும்? சிகாமாட், கோத்தா திங்கி, குளுவாங், பத்து பகாட், மூவார் என ஊர் ஊராக நீர் புகுந்தது. வீட்டைக் கழுவி முடிப்பதற்குள், 2007 ஜனவரியில் இரண்டாம் வெள்ளம்! ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர் துயர் துடைப்பு மையங்களில் தஞ்சம் புகுந்தனர். 2023 மார்ச்சிலும் 40,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

மையத்திற்கு வந்து சேர்ந்துவிட்டால் ஆபத்து முடிந்ததா? இல்லை என்கிறது வரலாறு.

1854-இல் லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600 பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் ஒரே தெருக்குழாயில் நீர் பிடித்தவர்கள். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் வருவது குடிநீரின் வழியே என்பதற்கு அது பெரிய சான்றாயிற்று.

அடுத்தது 1971. வங்காளதேசப் போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் முகாமில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். மழையும் காலராவும் சேர்ந்து வாட்டின. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்ன செய்தார் தெரியுமா? உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் இன்று உலகெங்கும் பொட்டலமாகக் கிடைக்கிறது. அவர் மறைந்த பின், 2023-இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது.

இந்தப் பாடங்கள் நமது சமையலறைக்கு என்ன சொல்கின்றன?

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகுமுன் பழைய சோறு சாப்பிட்டார்கள். நல்ல உணவுதான். ஆனால் ஊற்றும் தண்ணீர் கெட்டிருந்தால் சோறும் கெட்டதே. வெள்ளக் காலத்தில், கொதிக்க வைத்து ஆறிய நீர் இல்லையென்றால் பழைய சோற்றைத் தள்ளி வையுங்கள்.

காலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் படகேறி வந்து சேர நண்பகல் ஆகிவிடலாம். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். "சூடு பண்ணினால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. வீணாகிறதே என்று பிள்ளைக்கு ஊட்டிவிடாதீர்கள்!

வெள்ள நீரில் நனைந்த அரிசி, மாவு, காய்கறிகளைத் தூக்கி எறியுங்கள். நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக் காய்ச்சல் அதிலிருந்தே வருகிறது. தகர டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே திறக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, அடிக்கடி கொடுங்கள். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழையை நம்மால் நிறுத்த முடியாது. அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியும் அல்லவா? 600 உயிர்கள் போன பிறகு லண்டன் கற்ற பாடம் அது. நாம் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.